ஷூவுக்குள் இருந்த சூடு

புதுச்சத்திரம் தாண்டியதும் வேனுக்குள் நாற்றம் கிளம்பியது. கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் தொழிற்பேட்டைக்குப் போகிற எங்கள் கம்பெனி வேனில் அன்று பதினோரு பேர் இருந்தோம். முன் சீட்டில் இருந்த கணக்குப் பிரிவு சார் கைக்குட்டையை எடுத்து, மூக்கைத் துடைப்பதுபோலப் பொத்திக்கொண்டார். பின்னால் ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். பி.முட்லூரில் ஏறுகிறவள். மண் ரோட்டில் நடந்து வந்துதான் வேனைப் பிடிப்பாள். இவள்தான் எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். என் கால்களை அவளிடமிருந்து கொஞ்சம் நகர்த்தியும் வைத்துக்கொண்டேன்.

ஆலப்பாக்கத்தில் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

"யாரோ எதையோ மிதிச்சிட்டு வந்திருக்கீங்க. எல்லாரும் காலைத் தூக்கிப் பாருங்க. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

பதினோரு பேரும் காலைத் தூக்கிப் பார்த்தோம். என்னுடைய வலது ஷூவின் அடியில், வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்களுக்குள் நாய்ப் பீ அடைந்து கிடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் தன் கால்களை மெதுவாக என்னிடமிருந்து நகர்த்திக்கொண்டாள்.

டீக்கடைக்குப் பின்னால் போய் ஒரு குச்சியை ஒடித்துச் சுரண்டினேன். வேன் எனக்காக நின்றது. ஜன்னல் வழியாக எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வேறொன்று புரியவில்லை. இதை நான் எங்கே மிதித்தேன்?

எங்கள் வீடு தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. வாசல் கிரில்லுக்கு வெளியே ஒரு சிறிய செருப்பு ஸ்டாண்ட். அங்கே உட்கார்ந்து ஷூ மாட்டுவேன். நாலு எட்டு வைத்தால் கேட். கேட்டுக்கு வெளியே கணவரின் பைக். அவர் என்னை வண்டிகேட் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுவிட்டு, கீரப்பாளையத்தில் இருக்கிற தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போவார். வண்டிகேட்டில் சிமென்ட் நடைமேடையில் நிற்பேன், வேன் வரும், ஏறிக்கொள்வேன். மண்ணில் கால் படுகிற இடமே கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோதும் நாற்றம் எதுவும் இல்லை.

நான் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வந்து இறங்குகிற சரக்கு, பீப்பாயில் ஒட்டியிருக்கிற சீட்டில் எழுதியிருப்பதுதானா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வேனில் ஏறி என்னோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

அன்று சாயங்காலம் வாசல், படி, கேட் எல்லாவற்றையும் குனிந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஷூவைப் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, ஸ்டாண்டின் மேல் தட்டில் கவிழ்த்து வைத்தேன். அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஐந்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை மாட்டும்போதே பார்த்துவிட்டேன். இடது ஷூ. குதிகால் பக்கம். கொஞ்சம்தான், ஆனால் ஈரம் காயாதது.

ராத்திரி சுத்தமாக இருந்த ஷூவில் காலையில் புதிதாக எப்படி வரும்?

எனக்கு முதலில் எதிர்வீட்டு அக்கா மேல்தான் சந்தேகம் வந்தது. தனியாக இருப்பவர். விடியற்காலையில் எழுந்து ஒரு பெரிய கிண்ணத்தில் சோறு பிசைந்து தெரு நாய்களுக்கு வைப்பார். சந்தில் இருக்கிற நாய்கள் போதாதென்று அடுத்த சந்து நாய்களும் அவர் வீட்டு வாசலில்தான் கிடக்கும். ஆறு மாதம் முன்பு என் மகளை ஒரு நாய் துரத்தியபோது அவரிடம் சத்தம் போட்டிருந்தேன். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஏதாவது செய்கிறாரோ?

மூன்றாவது முறை ஷூவில் அசிங்கம் இருந்த அன்று, அதைக் கையில் தூக்கிக்கொண்டே தெருவைக் கடந்து போனேன்.

"அக்கா, இதைப் பாருங்க. உங்க நாய்ங்க பண்ற வேலை."

அவர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாய் என்னா, உன் ஷூவைப் போட்டுக்கிட்டா நடக்கும்?"

"யாராவது வேணும்னு தடவி வச்சாலும் தடவி வப்பாங்க."

"யாரு? நானா?" கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கு வேற வேலை இல்ல பாரு. இந்தா, எங்கிட்ட வந்து நிக்கறதுக்கு முன்னாடி உங்க வூட்டுல கேளு."

"எங்க வீட்டுல யாரைக் கேக்கறது?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து கோலத்தைத் தொடர்ந்தார். அந்தப் பார்வை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், என் மாமியார். மாமியார் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு வருடம் முன்பு எங்களோடு வந்து இருக்கத் தொடங்கினார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். விடிவதற்கு முன்பே எழுந்து போய்ப் பால் வாங்கி வருவதும் அவர்தான். நான் ஐந்தே முக்காலுக்கு எழுந்து வரும்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அவர் இல்லாமல் நான் வேலைக்குப் போக முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் நான் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கால் மூடிய ஷூ கட்டாயம் என்று நான் இந்தச் சாம்பல் நிற ஷூவை வாங்கி வந்த அன்று, அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பொடவை கட்டிக்கிட்டு இதைப் போட்டா போலீஸ்காரி மாரி இருக்காது?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் வைத்தும் அதையே சொல்லிச் சிரித்தார். நான் மறக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை, "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னாக்கூட வேன் வந்துடுது" என்றார். அதையும் நான் மறக்கவில்லை.

எதிர்வீட்டு அக்காவின் பார்வைக்குப் பிறகு இதெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது. நாற்றத்தோடு நான் வேனில் ஏறி அவமானப்பட்டு, ஒருநாள் போதும் என்று வேலையை விட்டுவிட வேண்டும். இதுதான் திட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது! அன்று அது எனக்குச் சோதனைச்சாலை முடிவுபோல உறுதியாகப் பட்டது.

சோதனை வைத்தேன். ராத்திரி படுக்கப் போகும்முன் இரண்டு ஷூ லேஸ்களையும் உள்ளே மடித்து, என் முறையில் முடிச்சுப் போட்டு வைத்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தால் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. நெல் மூட்டையின் வாயைக் கட்டுகிற மாதிரி இறுக்கிச் சுற்றிப் போட்ட முடிச்சு. அந்த முடிச்சை எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான் போடுவார். அரிசிப் பையை, பருப்புப் பொட்டலத்தை, மகளின் பாவாடை நாடாவை, எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் கட்டுவார்.

அன்று அசிங்கம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அங்கேயே ஷூவை மாட்டிப் பார்த்தபோது என் கால் நின்றது. உள்ளே சூடாக இருந்தது. வெயிலில் இருந்த சூடு இல்லை. யாரோ சற்று முன்புவரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. லேசான ஈரமும் இருந்தது.

இங்கேயே நான் நின்று யோசித்திருக்கலாம். தடவி வைக்கிறவருக்கு ஷூவுக்குள் கால் எதற்கு? ஆனால் சந்தேகத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்ட பிறகு, பொருந்தாத விவரத்தை நான் ஒதுக்கிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் அப்படிச் செய்தால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

பைக்கில் போகும்போது கணவரிடம் சொன்னேன்.

"உங்க அம்மாதாங்க."

"என்னா எங்க அம்மா?"

"என் ஷூவுல."

தெற்கு வீதி முனையில் அவர் பைக்கை நிறுத்தியே விட்டார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க அம்மா நாய்ப் பீயை அள்ளியாந்து உன் ஷூவுல தடவுது. அதானே சொல்ற?"

அவர் வாயால் கேட்கும்போது அது கேவலமாக இருந்தது. இருந்தாலும் நான் பின்வாங்கவில்லை. "லேஸ் முடிச்சு அவுங்களுதுதான். நான் பாத்தேன்."

"முடிச்சைப் பாத்தியா! நல்லா இருக்கு. ஒனக்கு லேப்லயே இருந்து இருந்து எல்லாரையும் பாட்டில்ல போட்டுப் பாக்கற பழக்கம் வந்துடுச்சி. ஷூவைக் கம்பெனியிலயே வச்சிட்டு வா. முடிஞ்சுது."

அது நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் செய்தால் செய்தவர் தப்பித்துவிடுவார் என்று தோன்றியது. அன்று ராத்திரி ஷூவைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கள் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை ஷூ சுத்தமாக இருந்தது. வியாழக்கிழமையும். வெள்ளிக்கிழமையும். மாமியார் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. காபியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மாட்டிக்கொண்ட கோபம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. வியாழக்கிழமை அவருடைய ரப்பர் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. "நாய் தூக்கிட்டுப் போயிடுச்சி" என்றார். நல்லா வேணும் என்று நான் நினைத்ததும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் கூடத்தைத் துடைக்க வாளியும் துணியுமாக வந்தேன். வெள்ளை டைல்ஸ் தரையில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கறைகள் இருந்தன. வாசலிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து பூஜை அலமாரிக்கு, அங்கிருந்து மகளின் பள்ளிப்பை இருக்கிற மூலைக்கு. ஒரு காலின் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மட்டும் பதிந்த மாதிரி ஒரே அளவில். அசிங்கத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டாரா என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. குனிந்து துணியால் துடைத்தேன். துணியில் சிவப்பாக வந்தது.

"அத்தை!"

அவர் அடுப்படியில் தோசைக்கல்லை வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்க கால்ல ரத்தம் வருது."

"எங்க?" என்றார். எந்தக் கால் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாற்காலியில் உட்கார வைத்து வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, பாட்டில் கண்ணாடி, பச்சை நிறம், பாதி உள்ளே போயிருந்தது. வெறுங்காலோடு அதன்மேல் அழுந்த நடந்து பால் வாங்கி, காய்ச்சி, மாவு கரைத்து, வீடு முழுக்க நடந்திருக்கிறார். நான் விரலால் பக்கத்தில் அழுத்தினேன்.

"வலிக்குதா அத்தை?"

"இல்ல."

"இப்ப?"

"நீ தொடறியா?" என்று கேட்டார்.

மேல வீதியில் அவர் மாதம் ஒருமுறை சர்க்கரைக்குப் போகிற கிளினிக் இருக்கிறது. இதுவரை நான் ஒருமுறைகூட அவரோடு போனதில்லை. அவரே போவார், மாத்திரை வாங்கி வருவார், "சக்கரை ஒண்ணும் ஜாஸ்தி இல்லையாம்" என்பார். அன்று ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து, காயத்தைக் கழுவி, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது" என்றார். டாக்டரம்மா அப்போது இழையைக் காலில் வைக்கவே இல்லை.

"பொய் சொல்லாதீங்கம்மா," என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு கேட்டார். "செருப்பு கழண்டு போறது தெரியுதா?"

நாய் தூக்கிக்கொண்டு போன செருப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

"அதுக்குத்தானே ஷூ போட்டு நடக்கச் சொன்னேன். ரெண்டு மாசமா ஷூ போட்டுத்தான் நடக்கறேன்னு போன தடவை சொன்னீங்களே. இன்னிக்கு ஏன் போடல?"

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. நான் அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் அளவேதான். இத்தனை நாளும் நான் கவனித்ததில்லை. முடிச்சு, சூடு, ஈரம், வெள்ளிக்கிழமை வரை சுத்தமாக இருந்த ஷூ, எல்லாம் ஒரே நேரத்தில் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"ஷூ கிடைக்கல டாக்டர்," என்றேன் நான். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். தெற்கு வீதி திரும்பிய பிறகு அவரே ஆரம்பித்தார். வருத்தமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமாகப் பேசினார்.

"நீ முடிச்சை மாத்திப் போட்டு வச்சியே, அன்னிக்கே தெரியும் எனக்கு. கண்டுபிடிச்சிட்டா, இன்னிக்குக் கேப்பா நாளைக்குக் கேப்பான்னு பாத்தன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. எடுத்து ஒளிச்சு வச்ச. நான் என்னா திருடியா?"

"நீங்க போட்டுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது அத்தை."

"அப்பறம் எதுக்கு ஒளிச்ச?"

நான் பேச்சை மாற்றினேன்.

"நீங்க கேட்டிருந்தா புதுசா வாங்கிக் குடுத்திருப்பேனே," என்றேன்.

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் கேக்கறது? ஊரைக் கூட்டி வச்சிச் சிரிச்சவ நான். அப்பறம் எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுன்னு எப்படிக் கேக்கறது?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். "காலு மரத்துப் போச்சின்னு தெரிஞ்சா புள்ளையை இஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவ வுடுவீங்களா? ரோட்டுல வுழுந்துடுவ, வாணாம், வூட்டுலயே குந்துன்னு சொல்லுவான் ஒம் புருசன். அப்பறம் நான் எதுக்கு இங்க?"

கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வெளியே வந்தது. பால் வாங்கப் போகிற சாக்கில் அரை மணி நேரம் நடந்திருக்கிறார். கோயிலைச் சுற்றி இருக்கிற நாலு வீதியும் நடக்க வசதியான இடம்தான், ஆனால் அங்கே தெரிந்தவர்கள் நடப்பார்கள். புடவைக்குக் கீழே ஷூவைப் பார்த்துவிட்டால்? அதனால் சந்து சந்தாக, விளக்கு சரியில்லாத பக்கமாகப் பார்த்து நடந்திருக்கிறார். நாய்கள் படுத்துக் கிடக்கிற சந்துகள். மிதித்தது அவருக்குத் தெரியாது. அடியில் மெத்தென்று எது இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். வீட்டுக்கு வந்து ஷூவைத் தூக்கிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்ததைக் குச்சியால் சுரண்டி, மண்ணில் தேய்த்து, ஸ்டாண்டில் வைத்திருக்கிறார். பள்ளங்களுக்குள் இருந்தது அந்த இருட்டில் அவர் கண்ணில் படவில்லை.

"மூணு தடவை எதிர்வூட்டுக்காரிதான் டார்ச் அடிச்சுக் காட்டுனா. அப்பவும் மிச்சம் இருந்துதா?" என்று கேட்டார். ஏதோ என் மேல்தான் தவறு என்பதுபோல.

அந்தக் காயம் ஆற ஒன்றரை மாதம் ஆனது. சின்னக் காயம்தான், ஆனால் சர்க்கரைக் கால். ஒரு வாரம் ஓரம் கறுத்தபோது, டாக்டரம்மா விரலை எடுக்க வேண்டி வருமோ என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த வாரம் நான் தூங்கவில்லை. கணவரிடம் முழுவதையும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்ததையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று இருந்தேன். "நானும் ஒரு தடவைகூட அந்தக் கிளினிக்குக்குப் போனதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றரை மாதமும் கணவரே மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தாமதமாகக் கடை திறந்தார். நான் பஸ் பிடித்து வண்டிகேட் போனேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"சரி."

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்."

"அவுங்க சொல்லாதன்னு சொன்னாங்க. நான் எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "தடவி வச்சேன்னு சொன்னியே. நான் சோறு போடுறவம்மா. அது மனசுல நிக்குது" என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். இன்றும் எதிரில் பார்த்தால் தலையசைப்பார். பேச்சு என்று பெரிதாக இல்லை. மாமியாரோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார்.

காயம் ஆறிய பிறகு மாமியாருக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துக் காட்டியவற்றில் வெள்ளை வேண்டாம், பூப் போட்டது வேண்டாம், சிவப்புக் கோடு வேண்டாம் என்று ஒதுக்கி, கடைசியில் பள்ளிப் பையன்கள் போடுகிற மாதிரி முழுக் கறுப்பில் ஒன்றை எடுத்தார். கால் மூடி, உள்ளே மெத்தென்று, லேஸ் இல்லாமல் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்தது. "புடவைக் கரையோட சேந்துக்கும், தெரியாது" என்றார். அடுத்த நாளிலிருந்து சந்துகளை விட்டுவிட்டு, விளக்கு இருக்கிற வீதியிலேயே நடந்தார். முதல் வாரம் நானும் கூடப் போனேன். பக்கத்தில் நடக்க விடமாட்டார். "நீ முன்ன போ. ரெண்டு பேரும் ஷூ போட்டுக்கிட்டு ஒண்ணா போனா பரேடு மாரி இருக்கும்" என்பார்.

அதனால் மட்டும் நாய்கள் வீதியை விட்டுவிடுமா? பத்து நாள் கழித்து அவர் நடந்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். நான் பழைய பிரஷையும் துடைப்பக் குச்சியையும் எடுத்து வந்தேன்.

"வுடு, நான் பாத்துக்கறன். நீ போயி எங் காலு செருப்பைத் தொடுவியா?"

"குடுங்க அத்தை. உங்களுக்குக் கண்ணு தெரியாது."

கழற்றிக் கொடுத்தார். நான் படியில் உட்கார்ந்து பள்ளம் பள்ளமாகச் சுரண்டினேன். ஈரமாக இருந்தால் இழுத்து அப்பிக்கொள்ளும். மண்ணைத் தூவிக் கொஞ்சம் காயவிட்டால் கட்டியாகப் பெயர்ந்து வரும். இதெல்லாம் இப்போது எனக்குக் கைப்பழக்கம். அவர் பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நின்று, "தோ, அந்த ஓரத்துல" என்று காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறன். வேணும்னே நான் தடவி வச்சன்னு நெனைச்சியா?"

கணவர் சொல்லியிருப்பாரா, எதிர்வீட்டு அக்கா சொல்லியிருப்பாரா என்று மனம் உடனே ஆள் தேடியது. யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் முகமே போதுமானதாக இருந்திருக்கும்.

இல்லை என்று சொல்ல முடிந்திருக்கும். குச்சியைக் கீழே வைத்தேன்.

"ஆமா அத்தை."

அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் ஒரு நாய் காலை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"நான் இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பன்," என்றார். பிறகு வாளியைச் சாய்த்து, நான் தூக்கிப் பிடித்திருந்த ஷூவின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார்.